நான் பயப்படுகிற நாளில்

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களை யாத்திரை போகிறார்கள் என்போம். வேலூருக்குப் போகிறவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்போம். குடியாத்தத்திலிருந்து தம்பியை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு நாங்கள் போனதும் ஆஸ்பத்திரிக்குத்தான். கொத்தனார் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், சாரம் சரிந்து விழுந்துவிட்டான். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. அந்த மாதங்களை இன்று நினைக்கும்போது, என் வாழ்நாளில் நான் போன பெரிய யாத்திரை அதுதான் என்று தோன்றுகிறது.

ஆபரேஷன் நாளன்று விடியற்காலையிலேயே சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் சேப்பலுக்குப் போய்விட்டேன். வெளியே இடா ஸ்கடர் சாலை அந்நேரத்துக்கே விழித்திருந்தது. பெங்காலியில் பெயர் எழுதிய லாட்ஜுகள், கொதிக்கிற டீ, எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்தபடி வடகிழக்கிலிருந்து வந்த குடும்பங்கள். சேப்பலுக்குள் முக்காடு போட்ட ஒரு அம்மா இருந்தார். நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பெரியவர் கண்மூடி உட்கார்ந்திருந்தார். ஞாயிறு பள்ளியில் எத்தனையோ வசனம் மனப்பாடம் செய்தவள் நான். அன்றைக்கு ஒன்றும் நாவில் வரவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் ஜெபம்தான் என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்பது வேலூர் பக்கத்துச் சபைகளில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும் இந்தியாவிலேயே தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. திண்டிவனத்தில் இருந்தபோது ஓர் இரவு அடுத்தடுத்து மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில். அவருடைய அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டரை அந்த வீடுகள் ஏற்கவில்லை. இடாவுக்கோ வைத்தியம் தெரியாது. காலையில் மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது. அதன்பின் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து முடித்து, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் வந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சிலர், அந்த மூன்று சாவும் தேவனுடைய திட்டம் என்று முடித்துவிடுவார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. அந்த மூன்று வீட்டுக்கும் இறந்துபோன பெண்கள் திரும்பி வரவில்லை. இடா பதில் தேடிக்கொண்டு உட்கார்ந்துவிடாமல், பயத்தோடும் துக்கத்தோடும் கர்த்தர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதுவரைதான் எனக்குத் தெரியும். எனக்கு அது போதும்.

ஆபரேஷன் முடிந்தது. தம்பியின் உயிருக்கு ஆபத்தில்லை, நடப்பது கடினம் என்று டாக்டர்கள் மறைக்காமல் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு கோட்டைக்குள் இருக்கும் பரிசுத்த யோவான் ஆலயத்துக்கு ஆராதனைக்குப் போனேன். 1846இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துக்காகக் கட்டிய கோயில். அகழி தாண்டி உள்ளே போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில், பள்ளிவாசல், இந்த ஆலயம் மூன்றும் ஒரே கோட்டைக்குள். அவ்வளவு கனத்த மதிலுக்குள் நின்றும் எனக்கு நடுக்கம் போகவில்லை.

அன்றைய பிரசங்கம் பைபிளின் 56ஆம் சங்கீதம். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." நூறு முறை வாசித்த வசனம். ஆயர் அதன் தலைப்பைக் கவனிக்கச் சொன்னார். பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது பாடியது என்று இருக்கிறது. காத் யாருடைய ஊர்? ராட்சதன் கோலியாத்தின் ஊர். ஒற்றைக் கவண்கல்லில் கோலியாத்தை வீழ்த்தியவன், சவுல் ராஜாவுக்குப் பயந்து ஓடி அதே கோலியாத்தின் ஊரில் போய் மாட்டிக்கொள்கிறான். மிகவும் பயந்தான் என்று சாமுவேலின் புத்தகம் ஒளிக்காமல் எழுதுகிறது. பைத்தியக்காரனைப் போல வேஷம் போட்டுத் தாடியில் எச்சில் ஒழுகவிட்டுத் தப்பினானாம். அந்த தாவீதின் வாயில்தான் இந்தப் பாட்டு. பயம் போன பிறகு நம்புவேன் என்று அவன் பாடவில்லை. பயப்படுகிற அதே நாளில் என்கிறான். எனக்குள் இருந்த நடுக்கம் விசுவாசக் குறைவு என்று அத்தனை நாளும் என்னையே வதைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பிறகு பாகாயம். தம்பியை அங்கே மறுவாழ்வு மையத்துக்கு மாற்றினார்கள். வார்டில் பார்க்க வந்த ஊழியக்காரர் ஒருவர், "விசுவாசம் பூரணமா இருந்திருந்தா இந்நேரம் எழுந்து நடந்திருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், சாப்பிடவில்லை. படுத்திருக்கிறவனிடம் இப்படிப் பேசுவது பாவம் என்றே நினைக்கிறேன். பவுல் அப்போஸ்தலன் மாம்சத்து முள் என்று தான் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது, முள் போகவில்லை. பவுலுக்கா விசுவாசம் குறைவு?

அந்த மையத்துக்கு மேரி வர்கீஸின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவரைப் பற்றித் தம்பிக்கு முதலில் சொன்னது அங்கே பயிற்சி கொடுத்த ஒரு தெரபிஸ்ட். மேரி, கேரளத்திலிருந்து வந்து சி.எம்.சி.யில் படித்த இளம் டாக்டர். 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது.

"அவங்க அப்புறம் நடந்தாங்களா?" தம்பி கேட்டான்.

"இல்லை."

வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நடக்கலைன்னா இன்னா பண்ணாங்க?" என்றான்.

சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் கொடுத்த ஊக்கத்தில், மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்கே தலைவரானார். 1972இல் பத்மஸ்ரீ. தெரபிஸ்ட் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, தம்பி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கலவை கலந்து காய்த்த கைகள்.

அடுத்த நாளிலிருந்து பயிற்சிக்கு அவனே அவசரப்படுத்தினான். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, படுக்கைப்புண் வராமல் இருக்கக் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது. நான் தாங்கப் போனால், "அக்கா, நீ கை வெக்காத. நானே வரேன்" என்பான். சில இரவுகளில் அழவும் செய்தான். இரண்டும் ஒரே பிள்ளைதான். காத்தூர் தாவீதைப் பற்றி அப்போது அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "அவரும் பயந்தாரா?" என்று இரண்டு தரம் கேட்டான்.

இப்போது ஊருக்கு வந்துவிட்டோம். அவன் நடக்க வேண்டும் என்ற ஜெபத்தை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். எங்கள் சபைக் கோயிலுக்கு வாசலில் மூன்று படி. முதல் இரண்டு ஞாயிறும் வாலிபர்கள் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். மூன்றாம் ஞாயிறு தம்பி வாசலிலேயே நாற்காலியை நிறுத்தி, டேப் வைத்துப் படிகளை அளந்தான். ஒன்றரை அடி உயரம், அடிக்கு 12 அடி நீளம் என்று வைத்தால் 18 அடிக்குச் சாய்தளம் வேண்டும் என்று காகிதத்தில் படம் போட்டு, சிமென்ட், ஜல்லிக் கணக்கோடு சபையை நடத்தும் சேகரக் கமிட்டியிடம் கொடுத்தான். கமிட்டி ஒத்துக்கொண்டது. முழங்கால் வலியால் கோயிலுக்கு வராமல் இருந்த இரண்டு பாட்டிமார் வேலை எப்போது முடியும் என்று அவனிடம்தான் விசாரிக்கிறார்கள். ஈஸ்டருக்குள் முடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறான்.