உப்பு லாரி, உடைந்த கால், ஏலக்கடை நோட்டு

என் மச்சான் மீன் வியாபாரி. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, டிவிஎஸ் எக்ஸலில் பெட்டி கட்டி ஊர் ஊராகப் போய் விற்பவர். ஏர்வாடிப் பக்கம் ஈசிஆரில் உப்பளத்து மண் ரோடு வந்து சேரும் முக்கு ஒன்று இருக்கிறது. அங்கே சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடக்கும், உள்ளேயிருந்து வரும் வண்டி ரோட்டில் மூக்கை நீட்டினால்தான் தெரியும். அந்த முக்கில்தான் உப்பு லாரி நிற்காமல் ஏறி அடித்தது. இடது முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு, மதுரை பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள்.

போலீஸ் வாக்குமூலம் வாங்க வந்தபோது ஊசி மயக்கத்தில் இருந்த மனுஷன், "நான்தான் வேகமா வந்துட்டேனோ என்னமோ" என்று சொல்லிவிட்டார். எஃப்ஐஆரில் யார் மேல் தப்பு என்பதே வழவழா கொழகொழா. மோட்டார் வாகன ஆய்வாளர் லாரியைப் பார்த்து, முன் பம்பரில் நீல பெயிண்ட் ஒட்டியிருப்பதாக எழுதியதுதான் எங்களைக் காப்பாற்றியது (எக்ஸல் நீலம்). அப்புறம் நான் மறுநாளே போய் எடுத்த போட்டோக்கள். ஒரே மாதத்தில் யாரோ புதரை வெட்டிவிட்டார்கள், இப்போது போய்ப் பார்த்தால் முக்கு வழுக்கைத் தலை மாதிரி இருக்கிறது.

லாரி ஓனர் தூத்துக்குடிக்காரர், நாற்பதாயிரம் ரூபாயோடு வந்து வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டார். அத்தை வாங்கிவிடலாம் என்றார், கடன் நெருக்கடி அப்படி. வாங்கவில்லை, ஆனால் இந்தப் பேச்சிலேயே நான்கு மாதம் ஓடிவிட்டது. 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்டஈடு கேட்டு மனு போட வேண்டும் என்று வக்கீல் சொன்னபோதுதான் வயிற்றைக் கலக்கியது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பதால் ராமநாதபுரத்திலேயே எம்சிஓபி (விபத்து நஷ்டஈட்டு மனு) தாக்கலானது. டிரைவர், ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரும் எதிர்மனுதாரர்கள்.

இன்சூரன்ஸ் தரப்பு முதலில் பிடித்தது ஹெல்மெட்டை. மச்சான் போடவில்லை, உண்மைதான். உடைந்தது காலாச்சே, தலைக்கவசத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வக்கீல் கேட்டதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

உண்மையான மல்லுக்கட்டு வருமானத்தில். சம்பளச் சீட்டு இல்லாத ஆளுக்கு மாதம் எவ்வளவு என்று எதை வைத்துக் காட்டுவது? ஏலக்கடைக்காரரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது, ஈரம் பட்டு ஓரமெல்லாம் ஊறி, மீன் வாடையோடு. அதில் தேதிவாரியாக மச்சான் பெயரும் எடுத்த கூடையும் தொகையும் எழுதியிருந்தது. ஏலக்கடைக்காரரே சாட்சிக் கூண்டில் ஏறி "என் கையெழுத்துதான்" என்றார். வக்கீல் அதை வைத்து மாதம் 12,000 என்று பிடித்தார். மச்சானுக்கு வயது 38, அந்த வயதுக்கு ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண் 15. சொந்தத் தொழில், நாற்பதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டி, மெடிக்கல் போர்டு கொடுத்த 30 சதவீத ஊனத்துக்குக் கணக்குப் போட்டால் 9,07,200 வருகிறது. ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனைக்கெல்லாம் தனி.

இன்சூரன்ஸ்காரர்கள் அசையாமல் நின்றது ஐந்து லட்சத்தில். உட்கார்ந்து மீன் விற்கலாமே என்றார்கள். கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் ஏழரைக்கு முடித்தோம். இன்னும் இழுத்திருந்தால் கூட வந்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், இருக்கலாம். ஆனால் அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, வட்டிக்காரர் வாசலில் நிற்கும் வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

அந்த நோட்டு மட்டும் இன்னும் கோர்ட் கட்டில்தான் கிடக்கிறது. ஏலக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், அதில் வேறு நாலு பேர் பாக்கி எழுதியிருக்கிறதாம்.