இரண்டு ஹால் டிக்கெட்

ஏப்ரல் 9
பொதுத்தேர்வு முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. இனி நீட் மட்டும்தான் பாக்கி என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 11
மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஆத்தங்குடித் தரைக்கல் போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தாலும் அலுக்கவில்லை. தரையில் கண்ணாடி, அதன்மேல் சட்டம், அதற்குள் பூ அச்சு. கரண்டியால் சாயக் கலவையை ஒவ்வொரு இதழிலும் ஊற்றிவிட்டு, அச்சை நேராக மேலே தூக்குவார். கை கொஞ்சம் ஆடினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அப்புறம் மணலும் சிமெண்டும் போட்டு மூடிவிடுவார். பூ அடியில் போய்விடும்.

இறுகின கல்லை எதற்குத் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும் என்று ஆறாவதில் அப்பாவிடம் கேட்டேன். “போட்டாத்தான் கெட்டிப்படும்” என்றார். பதினொன்றாவதில்தான் வேதியியல் டீச்சர் சொன்னார். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லையாம், தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறதாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 12
மாதிரித் தேர்வு. 720க்கு 451. இயற்பியல் இழுத்துவிட்டது.

ஏப்ரல் 13
நாளை மறுநாள் ஐசர் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அறிவியல் ஆராய்ச்சிக்கான மத்திய அரசுக் கல்வி நிறுவனம் அது. யாரிடமும் சொல்லவில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020லிருந்து மருத்துவத்தில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. நான் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான். “உனக்குக் கிடைச்சிடும்மா” என்று எல்லா டீச்சரும் சொல்கிறார்கள். ஐசரில் அப்படி ஒதுக்கீடு கிடையாது. நீட் வினாத்தாள் தமிழில் வரும், ஐசர் தேர்வு தமிழில் இல்லை. நீட்டில் கணக்கு இல்லை. ஐசரில் உயிரியல், வேதியியல், கணக்கு, இயற்பியல் நான்கும் 15 கேள்வி வீதம். எப்படிப் பார்த்தாலும் நீட்தான் எனக்குத் தோதான வழி. தெரிகிறது.

ஆனால் அங்கே 180 நிமிடத்தில் 180 கேள்வி, இங்கே அதே 180 நிமிடத்தில் 60. ஒரு கேள்வியோடு மூன்று நிமிடம் உட்காரலாம். அந்த மூன்று நிமிடத்துக்காகவே எழுத ஆசையாக இருக்கிறது. பள்ளியிலிருந்து காரைக்குடி மின்வேதியியல் நிறுவனத்துக்குக் கூட்டிப்போனபோது, ஒரு அக்கா நாள் முழுக்க ஒரு தகட்டில் துரு ஏறுவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து வந்த இடம் அது. அந்த அக்காவின் வேலை எனக்கு வேண்டும்.

ஏப்ரல் 14
சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி. படிக்கவில்லை.

ஏப்ரல் 15
கட்டணம் 2000. அப்பத்தா முதியோர் உதவித்தொகையில் சேர்த்து முடிந்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தது. எதற்கென்று கேட்கவில்லை. “பரீட்சைக்குத்தானே” என்றது, அவ்வளவுதான். சாயங்காலம் நெட் சென்டரில் விண்ணப்பித்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

ஏப்ரல் 22
சுவரில் சொற்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். வினைவேக மாற்றி, கேட்டலிஸ்ட். அணிக்கோவை, டிட்டர்மினன்ட். பரப்புக் கவர்தல், அட்சார்ப்ஷன். உறிஞ்சுதல், அப்சார்ப்ஷன். கடைசி இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழில் குழப்பமே வராது. தேர்வில் அவசரத்தில் அந்த எழுத்து கண்ணில் படாமல் போனால்? நான்கு மதிப்பெண் போய், மேலே ஒன்றும் குறையும்.

ஏப்ரல் 30
நீட் ஹால் டிக்கெட் வந்துவிட்டது. மதுரை. 1:30க்குக் கதவு அடைத்துவிடுவார்கள்.

மே 3
நாளைப் பரீட்சைக்காகத் தோட்டைக் கழற்றினேன், இடது காதுத் திருகாணி வரவில்லை. வயசுக்கு வந்தபோது போட்டது, கழற்றியதே இல்லை. அப்பத்தா தேங்காயெண்ணெய் விட்டு, நூலைச் சுற்றி, அரை மணி நேரம் பொறுமையாகத் திருகி எடுத்தது. காது சிவந்து கனத்துக் கிடக்கிறது. 1:30க்கு அடைத்துவிடுவார்கள். திருப்பத்தூரில் பஸ் நின்றுவிட்டால்? மேலூரில்?

மே 4
எழுதினேன். அக்னி வெயில்.

மே 5
இயற்பியலை நினைக்கவே வேண்டாம். உயிரியல் நன்றாக எழுதியிருக்கிறேன். அப்பா என்னிடம் ஒன்றும் கேட்காமல், பட்டறையில் எல்லாரிடமும் “நல்லா எழுதிருக்கா” என்று சொல்லியிருக்கிறார்.

மே 8
600க்கு 561. வேதியியல் 99. டீச்சர் போனில் அழுதுவிட்டார்.

மே 12
சொல்லிவிட்டேன். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். சிமெண்ட் அரித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும், சோப்புப் பட்டால் எரியும், அதனால் மெதுவாகத்தான் கழுவுவார். கழுவி முடிக்கும்வரை பேசவில்லை.

“அப்ப டாக்டர் இல்லையா?”

“ரெண்டும் எழுதுறேம்ப்பா.”

“அது எந்த ஊர்ல?”

ஏழு ஊரில் இருக்கிறது, கிட்டத்தில் என்றால் திருப்பதி, திருவனந்தபுரம் என்றேன். “அஞ்சு வருசமா?” என்றார். துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மே 13
பேசவில்லை.

மே 14
பேசவில்லை. கணக்கு மட்டும் போட்டேன்.

மே 19
ஐசர் ஹால் டிக்கெட். இதுவும் மதுரைதான். அப்பா வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, என் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 24
நாலு மணி பஸ். அப்பாவும் வருகிறார், பட்டறையில் லீவு சொல்லிவிட்டாராம். ராத்திரி அத்தை வீட்டில் தங்கல். பையில் சொற்சீட்டு மட்டும். டார்க் என்றால் திருப்பு விசை. இதை எப்படி மறந்தேன்? திருப்பு விசை. திருப்பு விசை. அம்மா கூப்பிடுகிறாள், பஸ்