ஆண்ட்ராய்டு சென்சார்: கேட்ட வேகமும் கிடைக்கும் வேகமும்

சென்சார் அளவீடுகளைக் கேட்டுப் பதிவுசெய்யும் ரெஜிஸ்டர்லிசனர் (registerListener) கட்டளையில் இடைவெளி 20,000 மைக்ரோவினாடி என்று கொடுத்தால் வினாடிக்குச் சரியாக 50 அளவீடு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அது வெறும் கோரிக்கை, கூடவும் வரும், குறையவும் வரும். அதனால் வேகத்தையோ கோணத்தையோ கணக்கிடும்போது நிலையான இடைவெளியை வைத்துப் பெருக்கினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு நிகழ்வோடும் (அதாவது ஒவ்வொரு அளவீட்டோடும்) வரும் டைம்ஸ்டாம்பின், அதாவது நேரக்குறியின், வித்தியாசத்தை எடுங்கள். அது நானோவினாடி, வினாடியாக்க 100 கோடியால் வகுக்க மறக்க வேண்டாம்.

நிகழ்வில் அளவீடுகள் இருக்கும் வேல்யூஸ் (values) அணியை அப்படியே சேமிப்பது இன்னொரு பொறி. நிகழ்வுப் பொருளை இயங்குதளம் மறுபடி பயன்படுத்தும், நகலெடுத்தே வையுங்கள்.

ஆண்ட்ராய்டு 12-ஐயோ அதற்குப் பிந்தையதையோ இலக்காகக் கொண்ட செயலிக்கு முடுக்கமானியும் கைரோவும் (சுழற்சியை அளக்கும் சென்சார்) 200 ஹெர்ட்ஸைத் தாண்ட, அதாவது வினாடிக்கு 200 அளவீட்டைத் தாண்ட, செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் தனி அனுமதி வேண்டும். நடக்கும் அடிகளை எண்ணும் அடியெண்ணிச் செயலிக்கு அவ்வளவு வேகமெல்லாம் அநியாயம்! திரையில் மட்டும் அளவீடு வேண்டிய செயலி என்றால், திரை விலகும்போது ஓடும் ஆன்பாஸில் (onPause) சென்சார் பதிவை நீக்கினாலே பேட்டரி வீணாவது குறையும்.