நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம், கொழும்பு வழியாக

யாழ்ப்பாணத்தில் வேலை பார்க்கிறேன் என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் யாரும் அதை வெளிநாட்டு வேலையாக மதிப்பதில்லை. "பக்கத்தில்தானே, ஒரு நடை வந்துவிட்டுப் போகிறோம்" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் மூன்று பேர் உண்மையாகவே கிளம்பிவிட்டார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் வங்கிக்காரர், மூன்றாமவர் கும்பகோணத்தில் அச்சகம் வைத்திருப்பவர். ஆசிரியரின் காலாண்டு விடுமுறையை வைத்து நாள் குறித்தோம்.

முதல் வேலையாக மூவரின் பாஸ்போர்ட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அச்சகக்காரருடையது அதற்கு முன்பே முடிவதாக இருந்தது. தத்கலில் ஓடிப்போய்ப் புதுப்பித்தார். அடுத்தது இ.டி.ஏ. என்கிற இணைய வழிப் பயண அனுமதி. தேடினால் அரசுத் தளத்தைப் போலவே வேடம் போட்ட தரகுத் தளங்கள் முன்னால் வந்து நிற்கும், மேல் கட்டணமும் பிடுங்கும். ஆகையால் சரியான இணைப்பை நானே அனுப்பிவைத்தேன். தங்கும் முகவரி என்ற இடத்தில், யாழ்ப்பாண நகரை ஒட்டிய கோண்டாவிலில் நான் வாடகைக்கு இருக்கும் மேல்மாடியின் விவரம். வீட்டுக்கார ஐயாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். "மூன்று பேர்தானே? முப்பது பேர் படுத்த வீடு இது" என்றார். அதன் பொருள் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

வருவது கப்பலில் என்று முடிவானது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்து எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் ஏறிவிட வேண்டும் என்ற ஆசை. கடலில் ஏறக்குறைய 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். காலையில் நாகூர் தர்காவைப் பார்த்து ஏறினால் மத்தியானச் சாப்பாடு யாழ்ப்பாணத்தில் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். திரும்புவதற்கு யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து சென்னைக்கு விமான டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

புறப்பாட்டுக்கு முந்தைய மாலை, நாகையில் லாட்ஜில் இருந்தவர்களுக்குக் குறுஞ்செய்தி வந்தது. காற்று பலமாக இருப்பதால் பயணம் ரத்து, பணம் திருப்பித் தரப்படும். அடுத்த கப்பல் எப்போது என்ற கேள்விக்கு அந்த அலுவலகத்தில் யாருக்கும் விடை தெரியவில்லை. கடலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தொலைபேசியை எடுத்துவிட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவதற்குக் கடல் காரணமில்லை. யாழ்ப்பாணத்துக்கு நேராக வரும் விமானம் சிறியது, மறுநாளைக்கு இடமில்லை. இரவோடு இரவாகச் சென்னைக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து கொழும்புக்குப் பறப்பது என்று முடிவாயிற்று.

இங்கேதான் ஐயாவின் அனுபவம் கைகொடுத்தது. "கட்டுநாயக்காவில் இறங்கிக் கொழும்புக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள், தம்பி. இரவு பஸ் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று அந்த வழியாகத்தான் வரும். கொச்சிக்கடையில் நின்றால் ஏற்றிக்கொள்வார்கள்" என்று சொல்லி, தெரிந்த நடத்துநர் ஒருவருக்கு அவரே அழைத்து இருக்கைகளுக்குச் சொல்லிவைத்தார். விமான நிலையத்திலிருந்து கொச்சிக்கடைக்கு ஓட்டோவில் போய்விடலாம். கொழும்பு நெரிசலுக்குள் போய்த் திரும்பும் சில மணி நேரம் மிச்சம்.

இரவு பத்தரைக்கு "ஏறிவிட்டோம்" என்றார்கள். நிம்மதியாகப் படுத்தேன். விடியும் முன்பே ஆசிரியரின் அழைப்பு. "ஆனையிறவு என்று பலகை பார்த்தேன். பக்கத்து இருக்கையில் ஆளில்லை."

நடந்தது இதுதான். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 சாலையில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த வாகனமும் தாண்டாது. சின்னக் கோயில், எதிரும் புதிரும் கச்சான், அதாவது வேர்க்கடலை விற்கும் கடைகள். பஸ் நின்றதும் அச்சகக்காரர் இறங்கினார். சாமி கும்பிட்டார், கற்பூரம் கொளுத்தினார். வறுத்த கச்சான் வாசனை இழுக்க, ஒரு கடையில் நின்று தோலை உடைத்து ருசி பார்த்து, விலையைக் கேட்டு, அதை இந்திய ரூபாயில் மனக்கணக்காக மாற்றிக்கொண்டிருந்தார். இந்தியாவின் ஒரு ரூபாய்க்கு இங்கே மூன்றரை ரூபாய் என்ற கணக்கு, தூக்கக் கலக்கத்தில் சட்டென்று வராது. திரும்பிப் பார்த்தபோது பஸ்ஸைக் காணவில்லை. செல்பேசி இருக்கையில், பாஸ்போர்ட் ஆசிரியரின் பையில், சட்டைப்பையில் கொஞ்சம் இலங்கைப் பணம், கையில் கச்சான்.

நான் பதறிப்போய் நடத்துநரை அழைத்தேன். அவர் கொட்டாவி விட்டபடி, "பயப்படாதீர்கள். எல்லா பஸ்ஸும் அங்கே நிற்கும். பின்னால் வருகிறதில் வருவார்" என்றார். அங்கே கடைக்கார அம்மாவும் அதையேதான் சொல்லியிருக்கிறார். ஒரு முக்காலியைப் போட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, அடுத்து வந்த பஸ்ஸில் "இந்தியாவிலிருந்து வந்த அண்ணை, யாழ்ப்பாணத்தில் இறக்கிவிடுங்கள்" என்று ஒப்படைத்திருக்கிறார். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நாங்கள் மூவரும் காத்திருக்க, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் போதுமான கச்சானோடு அவர் வந்து இறங்கினார்.

வீட்டுக்கார அம்மா பிட்டு அவித்துவைத்திருந்தார். பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியைக் கவிழ்த்ததும் சிவப்பு அரிசிமாப் பிட்டு கூம்பாக இலையில் நின்றது. ஓலையின் பின்னல் அதன் மேல் அப்படியே பதிந்திருந்தது. மீன் குழம்பு, தேங்காய்ப்பால் சொதி, சம்பல். தூங்கி வழிந்த மூவரும் பேச்சு மூச்சில்லாமல் சாப்பிட்டார்கள்.

அவர்களுக்கு நான் போட்டிருந்த நிபந்தனை ஒன்றுதான்: யாரிடமும் வலியப் போய்ப் போரைப் பற்றிக் கேட்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் இந்த வழக்கம் இருக்கிறது. மேடையில் கேட்டதையும் செய்தித்தாளில் படித்ததையும் சுமந்துகொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் சாட்சி கேட்பார்கள். வங்கிக்காரர் இரண்டாவது பிட்டுக்குள் மறந்துவிட்டார். "சண்டை நேரத்தில் நீங்கள் இங்கேதான் இருந்தீர்களா, ஐயா?" ஐயா அவரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சொதி விடட்டுமா?" என்றார். நான் மேசைக்கு அடியில் வங்கிக்காரரின் காலை மிதித்தேன்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. நம் யு.பி.ஐ. 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையிலும் செல்லும் என்பது உண்மை. ஆனால் மீன் சந்தையிலும் ஓட்டோவிலும் நோட்டுதான் பேசும். வங்கிக்காரர் இதை ஏற்றுக்கொள்ள மறுத்து, இளநீர்க் கடையில் செல்பேசியை நீட்டிக்கொண்டு நின்றார். நல்லூர்க் கந்தசாமி கோயிலில் அர்ச்சனைச் சீட்டு இன்னமும் ஒரே ஒரு ரூபாய் என்று கண்டதும் அவருக்கு வாயடைத்துவிட்டது. சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர், சொன்ன நேரத்துக்கு மணி அடித்துப் பூசை தொடங்கியதைக் கைக்கடிகாரத்தில் சரிபார்த்துக்கொண்டார்.

தீவுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தேன். ஐயா கேட்டுவிட்டுத் திட்டத்தையே தலைகீழாக மாற்றினார். காற்று எழுந்தால் படகு நிற்கும், படகு நின்றால் விமானம் போய்விடும் என்றார். அவர் சொன்னபடி முதலிலேயே குறிகட்டுவான் போனோம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அங்கிருந்துதான் படகு. கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் தள்ளப்பட்டோம். எங்கள் படகு நகர்ந்த பிறகு எண்ணிப் பார்த்தால் நானும் ஆசிரியரும்தான் இருந்தோம். மற்ற இருவரும் நயினாதீவுப் படகிலிருந்து எங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

நெடுந்தீவில் நாங்கள் பவளக்கல் மதில்களையும் காட்டுக் குதிரைகளையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்க மரத்தையும் பார்த்து, உச்சி வெயிலில் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றோம். அவர்கள் இருவரும் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, அன்னதான மண்டபத்தில் வயிறாரச் சாப்பிட்டு, காற்றாட உட்கார்ந்திருந்தார்கள். படகு மாறியது அவர்களுக்கு நட்டமென்று இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.

சாவகச்சேரிச் சந்தைக்கு ஐயாவும் கூட வந்தார். திரும்பும்போது நாவற்குழிப் பாலத்தில் வண்டியை மெதுவாக விடச் சொன்னார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். 1995 அக்டோபர் 30, சண்டை நெருங்க, யாழ்ப்பாண நகரைச் சுற்றியுள்ள வலிகாமமே ஒரே இரவில் எழும்பி, பாலத்துக்கு அப்பால் சாவகச்சேரிப் பக்கமான தென்மராட்சிக்கு நடந்தது. மழை. இந்தப் பாலத்தில் ஓர் அடி எடுத்துவைத்தால் அடுத்த அடிக்கு அரை மணி நேரம். வீட்டுக்கார அம்மா தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சேலையில் சுற்றிச் சுமந்து வந்தார். பிறகு ஊர் திரும்பியபோது, வீடு இடிந்து கிடந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் கோண்டாவில் வீட்டில்தான் படுத்தார்களாம். வங்கிக்காரர் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஐயாவே பேச்சை மாற்றி, சந்தையில் வாங்கிய பலாப்பழத்தின் விலை நியாயந்தானா என்று கேட்டார்.

கிளம்பும் நாளில் அம்மா கட்டிக்கொடுத்தவை: வறுத்து இடித்த கறித்தூள், பனங்கட்டி, பருத்தித்துறை வடை, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா. சிறிய விமானம், சுமை அளவும் சிறியது என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பலாலியில் தராசு முள் தாண்டிவிட்டது. மிகைக் கட்டணமா, பொட்டலங்களா என்று ஊழியர் கேட்டார். மூவரும் ஓரமாகப் போய்ப் பெட்டியைத் திறந்து வேட்டி, சட்டை, துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் அடுக்கினார்கள். கறித்தூளில் ஒரு பொட்டலம்கூடக் குறையவில்லை.

அடுத்த வாரம் அச்சகக்காரர் அழைத்தார். துணிகளை எப்படி அனுப்பட்டும் என்று கேட்டேன். "துணி கிடக்கட்டும். தூள் பாதி தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வருகிறார்களா?" என்றார்.