செவ்வாய்பேட்டை மாடியில் ஒரு செப்டம்பர்

04.09.2025, வியாழன்

நேற்று ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் முடிவுகளை நிதியமைச்சர் டிவியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் முதலாளி, அண்ணா, போன் செய்துவிட்டார். "பாத்தியா தம்பி?" என்றார், வைத்துவிட்டார். 12, 28 சதவீத வரி என்ற இரண்டு அடுக்கும் போகிறது. பெரும்பாலான சரக்கு 5-க்கோ 18-க்கோ வந்துவிடும். 22-ம் தேதியிலிருந்து அமல். ஊருக்கு இது சோப்பு, பிஸ்கட் விலை குறைகிற செய்தி. எங்களுக்குப் பதினெட்டு நாள் கெடு.

கம்பெனி என்று பெயர்தான், மொத்தம் ஏழு பேர். சேலம் செவ்வாய்பேட்டையில் கீழே மளிகை மண்டி, மேல்மாடியில் நாங்கள். மிளகாய் மூட்டை இறக்குகிற நாளில் ஏழு பேரும் தும்முவோம். மெடிக்கல், மளிகை, ஸ்டேஷனரி, கொலுசுப் பட்டறை என்று முந்நூறு சொச்சம் கடைகளில் எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுகிறது. அண்ணா தனியாளாக விபி 6 என்ற பழைய புரோகிராமிங் மொழியில் எழுத ஆரம்பித்தது. அவர் எழுதிய சில பக்கங்களை இன்னமும் யாரும் தொடுவதில்லை, சாமி அறை மாதிரி.

இன்று காலை முதல் ஆளாகக் கூப்பிட்டவர் ஒரு கொலுசுப் பட்டறைக்காரர். "நமக்கு எவ்வளவு குறையுது?" வெள்ளிக்கு 3 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது என்றேன். "அட, அப்ப எதுக்கு டிவியில அவ்வளவு சத்தம்?" என்று வைத்துவிட்டார். வெள்ளி விலை ஏறுகிற வேகத்தில் அவருக்கு வரி ஒரு கவலையே இல்லை.

08.09.2025, திங்கள்

நாள் முழுக்க எச்எஸ்என் பட்டியல், அதாவது ஒவ்வொரு சரக்குக்கும் வரிக்கான குறியீட்டு எண். நோட்டுப் புத்தகம் 12-லிருந்து பூஜ்யம். ஷாம்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய், டூத்பேஸ்ட் 18-லிருந்து 5. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5. மருந்துகளில் பெரும்பாலானவை 12-லிருந்து 5. புதுப் பையன் படிக்கப் படிக்க நான் அடித்தேன். கல்லூரி முடித்து வந்து மூன்று மாதம் ஆகிறது. ஏஐ, மெஷின் லேர்னிங் என்று கனவோடு வந்தவனுக்குப் பல்பொடிக்கும் டூத்பேஸ்டுக்கும் தனித்தனி வரிசை என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பாவம்.

10.09.2025, புதன்

இந்த நாளை எழுதாமலே விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஆறரை மணி. அம்மாபேட்டைப் பக்கம் ஒரு மெடிக்கல் கடையின் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன். ஆகஸ்ட் மாத விற்பனைக் கணக்கை, ஜிஎஸ்டிஆர்-1, நாளைக்குள் போட வேண்டும்; ரிப்போர்ட்டில் வரி பாதிக்கும் கீழே காட்டுகிறது என்றார்கள். சப்போர்ட் அக்கா எனிடெஸ்க் போட்டு, இங்கிருந்தே கடைக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். அந்த மெடிக்கல்காரர், "மக்களுக்குக் குறையட்டுமே" என்று 5-ம் தேதியே மாஸ்டரில், அதாவது சரக்குகளின் வரி விகிதம் இருக்கும் பட்டியலில், எல்லா மருந்துக்கும் 12-ஐ 5 ஆக்கி வைத்திருக்கிறார். 22 வரை பொறுக்கவில்லை. சரி, அது அவர் தவறு. ஆனால் அவர் செப்டம்பரில் மாற்றியதற்கு ஆகஸ்ட் ஏன் மாற வேண்டும்?

அக்கா ஆகஸ்ட் 14-ம் தேதி பில் ஒன்றை மறுபடி பிரிண்ட் போட்டார். விலை 112 ரூபாய், அது சரி. அதற்குள் வரி 12 ரூபாய் இருக்க வேண்டும். 5 ரூபாய் 33 பைசா என்று வந்தது. அச்சாகிக் கடையை விட்டுப் போன பில், அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய பில், தானாகத் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது.

புரோகிராமைத் திறந்தேன். பில்லில் வரி விகிதம் சேமிக்கப்படவே இல்லை. ஒவ்வொரு முறையும் மாஸ்டரிலிருந்து இன்றைய விகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுகிறது. யார் இப்படி எழுதியது என்று திட்டிக்கொண்டே மேலே போனால் என் பெயரின் முதலெழுத்தும் 2022 என்ற வருஷமும்.

நினைவு வந்துவிட்டது. அண்ணா எழுதியிருந்த பில் அட்டவணையில் ஒவ்வொரு வரிசையிலும் விகிதம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே தகவல் எதற்கு இரண்டு இடத்தில் என்று நான்தான் அந்த விகிதக் கட்டத்தைத் தூக்கினேன். நார்மலைசேஷன். கல்லூரியில் அந்தப் பேப்பரில் எனக்கு நல்ல மார்க். மாஸ்டரில் இருப்பது இன்றைய விகிதம், பில்லில் இருப்பது அன்று வாங்கிய விகிதம், இரண்டும் வேறு தகவல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருஷமாக இந்தக் கடைகளில் விகிதம் மாறவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தூக்கும்போது என்னைக் கேட்டியா?" என்றார். கேட்டிருந்தேன். "அப்ப நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்று எழுந்து டீ சொல்லப் போனார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

11.09.2025, வியாழன்

காப்பாற்றியது மெடிக்கல்காரரின் சாவிக்கொத்து. அக்கா நச்சரித்து நச்சரித்துப் பழக்கியதால் தினமும் கடை அடைக்கும்போது பேக்கப் எடுத்து, சாவியோடு ஒரு பென் டிரைவைத் தொங்கவிட்டிருக்கிறார். 3-ம் தேதி பேக்கப்பைத் திறந்து ஆகஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து அனுப்பினேன். இரவு எட்டு மணிக்குத் தாக்கல் ஆகிவிட்டது. 5-லிருந்து 10 வரை குறைத்து விற்றதற்கு 12 சதவீதம்தான் கட்டியாக வேண்டும். வித்தியாசம் அவர் கைக்காசு. அதைச் சொல்லும்போது எனக்குத்தான் குரல் இறங்கியது. அவர், "விடுங்க தம்பி, காய்ச்சல்காரங்களுக்குத்தான போச்சு" என்றார்.

பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே நான் எழுதியதை யார் பயன்படுத்தினார்கள் என்று கடைசிவரை தெரியாது. இங்கே அந்த மனிதர் சட்டைப் பையில் என் நம்பர் இருக்கிறது.

15.09.2025, திங்கள்

தூக்கிய கட்டம் திரும்ப வந்துவிட்டது. மாஸ்டரிலும் 'எந்தத் தேதி முதல்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். இனி யார் முன்கூட்டி மாற்றினாலும் 22 வரை அது விழிக்காது. பழைய பில் எல்லாவற்றுக்கும் பழைய விகிதத்தை நிரப்ப ஒரு சின்ன புரோகிராம். கடை கடையாக ஓட்ட வேண்டும். எனிடெஸ்க் நம்பரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு ராகத்தில் சொல்கிறார்கள். லீ பஜாரில் ஒருவர் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு மூட்டை எடை போட்டார்.

17.09.2025, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. இருநூற்றுப் பத்து கடை முடிந்தது. ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்புக் கட்டணம், பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கும் போடுவதா என்று புதுப் பையன் கேட்டான். "பில்லு தப்பா வந்தா கஸ்டமர் பாக்கியவா கேப்பான்?" என்றார் அண்ணா.

20.09.2025, சனி

ஏற்காட்டில் ஒரு கடைக்கு மழையில் நெட் போய்விட்டது, எனிடெஸ்க் இல்லை. பென் டிரைவோடு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவு. பத்தாவதுக்கு மேல் பனி ஜன்னலுக்குள் வந்துவிட்டது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சொட்டச் சொட்ட நின்றது. வழியில் இரண்டு இடத்தில் சிக்னல் இல்லை. செப்டம்பரில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அந்தப் பத்து நிமிஷம்தான்.

கடைக்காரம்மா காப்பிப் பொடி, தேன், எண்ணெய் விற்கிறார். அவருக்கு ஒரு மனக்குறை. வறுத்த காப்பிப் பொடிக்கு முன்பும் 5, இப்போதும் 5. இன்ஸ்டன்ட் காப்பி மட்டும் 18-லிருந்து 5-க்கு இறங்குகிறது. "எங்க மலையில வெளையறது குறையல, பாட்டில்ல வர்றது குறையுதா?" ஒன்றின் எச்எஸ்என் 0901, மற்றது 2101 என்று விளக்கினேன். 'அதனால்?' என்பதுபோலப் பார்த்தார். நல்ல காப்பி கொடுத்தார், பொடிக் காப்பிதான்.

22.09.2025, திங்கள்

நேற்று அமாவாசை, ராத்திரி பன்னிரண்டு வரை ஏழு பேரும் ஆபீஸில். அண்ணா தட்டுவடை செட் வாங்கி வந்தார். பீட்ரூட் சாறு ஒரு கீபோர்டில் விழுந்தது, யாருடையது என்று எழுத மாட்டேன். பன்னிரண்டு மணிக்கு எங்கள் டெஸ்ட் மெஷினில் ஒரு ஷாம்பு விற்றோம். 5. நேற்றுத் தேதியில் போட்ட பில்லை மறுபடி அடித்தோம். 18. அக்கா ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இன்று 140 போன். பாதிக்கு மேல் ஒரே கேள்வி: பழைய எம்ஆர்பி அச்சடித்த சரக்கை என்ன விலைக்கு விற்பது?

01.10.2025, புதன்

ஆயுத பூஜை. கம்ப்யூட்டர், யுபிஎஸ், பழுதாகி மூலையில் கிடக்கும் பிரிண்டர் வரை சந்தனம் குங்குமம் வைத்தோம். புதுப் பையன் ஸ்விட்சை அணைக்காமல் மவுசுக்கு மாலை போட்டிருந்தான். சுண்டல், பொரி, போனஸ் கவர். போன்களையும் பூஜையில் வைத்துவிட்டோம். இன்று யாரும் எடுக்கக் கூடாது என்பது அண்ணா உத்தரவு.

பதினொன்றரைக்கு அடித்தது. மெடிக்கல்காரர். அண்ணாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பில்லில் நட்ட நடுவே வெள்ளையாக ஒரு கோடு வருகிறது, பாதி மருந்துப் பெயர் தெரியவில்லை என்றார்.

"பிரிண்டரைத் திறந்து சந்தனம் வச்சீங்களா?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "உள்ள ஒரே ஒரு பொட்டு, தம்பி."

"ஸ்பிரிட்டைப் பஞ்சுல தொட்டு ஹெட்டைத் துடைங்கண்ணா. உங்க ரேக்குலயே இருக்கும்."