உங்கள் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லுங்கள்

செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், சாயங்காலங்களில் சில பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். கல்லூரியில் கடைசி வருஷம் படிப்பவர்கள். தையல் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணும் உண்டு. இன்டர்வியூவில் 'வாட் ஆர் யுவர் ஹாபீஸ்?' என்று கேட்டால் சொல்ல எல்லோரிடமும் ஒரே பதில்தான்: 'ரீடிங் புக்ஸ், லிசனிங் மியூசிக்.' கடைசியாக என்ன புத்தகம் படித்தாய் என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சு நின்றுவிடும். மனப்பாடப் பதிலை விடு, உன் ஞாயிற்றுக்கிழமையைச் சொல் என்பேன்.

சொல்ல ஆரம்பித்தால் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. 'ஆன் சண்டேஸ் ஐ வில் கோ டு தெப்பக்குளம்.' இது கவனக்குறைவு இல்லை. 'ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளம் போவேன்' என்று வழக்கமாகச் செய்வதையும் நாம் எதிர்காலத்தில்தானே சொல்கிறோம்! இங்கிலீஷில் வழக்கத்துக்கு நிகழ்காலம்: 'ஐ கோ.' வரப்போகிற ஞாயிறு போவதாக இருந்தால்தான் 'வில்' பொருந்தும். இந்தக் காரணத்தைச் சொன்ன பிறகுதான் அவர்களுக்குப் பயம் விட்டது. தமிழ் தெரிந்த டீச்சருக்குத்தான் இது சுலபமாகப் பிடிபடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். செஸ், கேரம், கிரிக்கெட்டுக்கு 'பிளே'. யோகா, கராத்தேக்கு 'டூ'. நீச்சல், ஷாப்பிங் போன்றவற்றுக்கு 'கோ': 'கோ ஸ்விம்மிங்', நடுவில் 'டு' வராது. 'லிசனிங்' பக்கத்தில் மட்டும் 'டு' கட்டாயம்: 'லிசனிங் டு மியூசிக்.' போன வாரக் கதைக்கு 'ஐ வென்ட்'. கேள்வியில் 'டிட்' வந்துவிட்டால் 'வென்ட்' திரும்ப 'கோ' ஆகிவிடும்: 'டிட் யூ கோ?'

தனக்கு ஹாபியே இல்லை என்றாள் தையல்காரப் பெண். மார்கழி முழுக்க அவள் வாசலில் கோலத்தைப் பார்த்துக்கொண்டே போகிறவள் நான். கேட்டுக் கேட்டு வரவழைத்தேன்: 'ஐ லைக் டிராயிங் கோலம்ஸ். ஐ லேர்ன்ட் இட் ஃப்ரம் மை பாட்டி.' எத்தனை புள்ளி, என்ன மாவு, எவ்வளவு நேரம் ஆகும் என்று மற்றவர்கள் இங்கிலீஷிலேயே கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

"அக்கா, சிக்குக் கோலத்தை எப்படிச் சொல்றது?" என்று கேட்டிருக்கிறாள். வரும் வாரம் அதுதான் பாடம். கோலமாவு அவளே கொண்டுவருகிறாளாம்.