காலண்டர் மகாராணிகள்

சரித்திரத் தொடர்களுக்கு உடை தயாரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். 'சோழ ராணி' என்று சீட்டில் எழுதி வந்தாலே எங்கள் டெய்லர்களுக்குப் புரிந்துவிடும்: முழங்கை வரை ஜரிகை ரவிக்கை, முன்கொசுவம், தரையில் புரளும் முந்தானை. ரவிக்கைக்குப் பின்பக்கம் கொக்கி வைத்து, பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத் துணியை உள்ளே மடித்து விடுவோம். நாளைக்கே ராணி மாறலாம். தையலைப் பிரித்து விட்டால் வருகிறவருக்கும் சேரும்.

இந்த அலங்காரத்துக்கும் சோழருக்கும் சம்பந்தமில்லை. ஓவியர் ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணப் படங்களாக அச்சிட்டு வீடு வீடாகச் சேர்த்தாரே, அங்கிருந்து வந்தது. அவருடைய புராணப் பெண்கள் கட்டியிருப்பது பெரும்பாலும் அவர் காலத்துப் புடவைதான். அதுவே காலண்டருக்குப் போய், சினிமாவுக்குப் போய், இன்று எங்கள் கட்டிங் டேபிளில் கிடக்கிறது.

சோழர் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். பெருமாளின் இரு தேவியரில் ஸ்ரீதேவிக்கு மார்பில் கச்சு இருக்கும், பூதேவிக்கு இருக்காது. யார் எந்த தேவி என்று கண்டுகொள்ள அது ஓர் அடையாளம். கச்சில்லாத தேவியை யாரும் குறைவாகக் கும்பிட்டதில்லை.

செட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே இரண்டு கட்சி. "நம்ம பெண்கள் அந்தக் காலத்துலேயே கழுத்து வரை மூடித்தான் இருந்தாங்க" என்பது ஒன்று. "வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் நமக்கு ரவிக்கையே தெரியும்" என்பது இன்னொன்று. அஜந்தாவின் முதல் குகை ஓவியத்தில் ஆடுகிற பெண் தைத்த மேலுடைதான் போட்டிருக்கிறாள். வெள்ளைக்காரன் வர அப்போது ஆயிரம் வருடம் பாக்கி. தைத்த உடை இருந்தது, எல்லாரும் போடவில்லை. அவ்வளவுதான்.

யார் போடலாம் என்பதில்தான் சண்டையே. இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தபோது, மார்பை மூடத் தோள்சீலை போட்ட நாடார் பெண்களை 1820-களிலேயே வழிமறித்து அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். 1859-இல் ஒருவழியாக மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. அதிலும் ஒரு வால்: ஜாக்கெட் போடலாம், முரட்டுத் துணியை மீன்பிடிக்கும் முக்குவர் சாதிப் பெண்கள் போலச் சுற்றிக் கட்டலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் போடக்கூடாது! மேலாடை மானத்துக்காக மட்டும்தான் என்றால் அந்த வால் எதற்கு? கலாச்சாரம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் இந்த அறிவிப்பைத்தான் சொல்வேன். பெரும்பாலும் டீ வந்துவிட்டதாகச் சொல்லி எழுந்துவிடுவார்கள்.

எங்கள் பிரிவில் இஸ்திரி போடும் அக்காவுக்குச் சிவகங்கைப் பக்கம். நூறு வருடத்துக்கு முந்தைய நடவுக் காட்சி ஒன்றுக்கு அவர்தான் துணை நடிகைக்குச் சேலை கட்டிவிட்டார். கொசுவத்தை முதுகுப்பக்கம் வைத்துச் செருகி, கணுக்காலுக்கு மேலே ஏற்றி, முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பைச் சுற்றி இறுக்கினார். "குனிஞ்சு பாரும்மா" என்றார். அந்தப் பெண் குனிந்தாள், நிமிர்ந்தாள், ஒரு மடிப்பும் கலையவில்லை. ஒரு ஊக்குகூடக் குத்தவில்லை. "எங்க அப்பத்தா இப்படித்தான், கடைசி வரைக்கும் ரவிக்கையே போட்டதில்ல" என்றார்.

ரவிக்கை இல்லாமல் டிவியில் காட்ட முடியாது என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். சரி, சாயம் போன பருத்தியில் ஒன்று தைத்துக் கொடுத்தேன். பின்கொசுவத்தில் மட்டும் கைவைக்க விடவில்லை.